தாளை நானே எழுத ஆரம்பிச்சுட்டேன்: கான்பரன்ஸ் மேடை, மொழிச் சண்டை, ஒரு ஜோக்

மேடைக்காரன்

எட்டு வருஷமா பெங்களூர்ல ஸ்டாண்ட்-அப் காமெடி பண்றேன், தமிழ்லயும் இங்கிலீஷ்லயும். வாடகை கட்டுறது டிக்கெட் ஷோ காசுல இல்ல, கம்பெனி கான்பரன்ஸ் காசுல. போன வாரம் தும்கூர் ரோடு பக்கம் ஒரு ஹோட்டல்ல நடந்த கான்பரன்ஸுக்குப் போனேன். சாப்பாட்டுக்கு அப்புறம் 2.40க்கு என் நேரம். சட்டையில மைக்கை மாட்டிக்கிட்டு நிக்கிறப்ப ஈவென்ட் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். அரசியல் கூடாது, மதம் கூடாது, மொழி கூடாது, காவிரி கூடாது, கிளையன்ட் பேர் கூடாது. இதெல்லாம் டைப் அடிச்சிருந்தது. கடைசி வரியை மட்டும் யாரோ பேனாவுல சேர்த்திருந்தாங்க: ஆள்குறைப்பு பத்தி பேச வேண்டாம்.

சில்க் போர்டு டிராஃபிக், பி.ஜி. சாப்பாடுன்னு 25 நிமிஷத்தை ஓட்டினேன். சிரிச்சாங்க. வெளிய வர்றப்ப கழுத்துல ஐ.டி. கார்டோட ஒரு அம்மா தமிழ்ல பேசினாங்க. "போன மாசம் எங்க டீம்ல பதினோரு பேரை அனுப்பிட்டாங்க சார். அதைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை பேசுவாங்களான்னு காலையில இருந்து உக்காந்திருந்தேன்." எனக்குப் பதில் வரல.

இதைவிட உறுத்துறது இன்னொண்ணு. 2025 மே மாசம் சென்னையில 'தக் லைஃப்' பட விழாவுல, கன்னடம் தமிழ்ல இருந்து பிறந்ததுன்னு கமல்ஹாசன் பேசினார். இங்க போராட்டம் நடந்தது, ஜூன் 5ஆம் தேதி கர்நாடகத்துல மட்டும் படம் வரல. அப்ப நான் எழுதின ஜோக் இது: "மனுஷங்க எல்லாம் வயசைக் குறைச்சுச் சொல்வாங்க. மொழிக்காரங்க மட்டும்தான் வயசைக் கூட்டிக் கூட்டிச் சொல்வாங்க." என் சொந்த டிக்கெட் ஷோவுக்குன்னு எழுதினது. யாரும் தாள் நீட்டல. நானே வெட்டிட்டேன்.

இனிமே தாள் நீட்டுற கான்பரன்ஸுக்குப் போகப் போறதில்ல. அந்த ஜோக்கையும் திரும்ப எடுக்கப் போறேன். நான் செய்யறது சரியா? மனசுல பட்டதைச் சொல்லுங்க.

ஒயிட்ஃபீல்ட் ஹெச்.ஆர்.

அந்தத் தாளை எழுதுற இடத்துல இருக்கறவ நான். உங்க ஷோவுக்கு டிக்கெட் வாங்கி வர்றவங்களுக்கு நீங்க என்ன பேசுவீங்கன்னு தெரியும், பிடிக்கலன்னா எழுந்து போயிடலாம். கான்பரன்ஸ்ல உக்காந்திருக்கறவங்க எழுந்து போக முடியாது. பக்கத்து நாற்காலியில மேனேஜர் இருப்பார். எங்க ஆபீஸ்ல ஒரு தடவை ஒருத்தர் வந்து, முன்வரிசைப் பொண்ணுகிட்ட பேர் கேட்டு, அந்தப் பேரை வச்சு ஊர், சாதின்னு போயிட்டார். முந்நூறு பேர் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணு அடுத்த ரெண்டு நாள் லீவு. அவ என்கிட்ட வந்து அழுதப்புறம்தான் நான் தாள் எழுத ஆரம்பிச்சேன்.

ஆள்குறைப்பு வரியை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். அது நிர்வாகம் தன்னைக் காப்பாத்திக்க எழுதினது. மத்த வரியெல்லாம் அந்தப் பொண்ணு மாதிரி ஆளுங்களுக்காக. ரெண்டையும் ஒரே தாள்ல பார்த்துட்டு மொத்தத்தையும் கிழிக்காதீங்க.

ஐந்தாம் ஆண்டு சட்டம்

மேடைக்காரன் அண்ணா, நீங்கள் தனியாக இல்லை. 2021 நவம்பர் 28 அன்று இதே ஊரில் ஸ்டாண்ட்-அப் கலைஞர் முனவ்வர் ஃபரூக்கியின் நிகழ்ச்சி, சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டிப் போலீஸ் சொன்னதால் ரத்தானது. அறுநூறு டிக்கெட்டுக்கு மேல் விற்றிருந்ததாக அவரே எழுதினார். அடுத்த ஆண்டு நவம்பர் 10 அன்று மல்லேஸ்வரம் சௌடையா அரங்கில் நடக்கவிருந்த இன்னொரு ஸ்டாண்ட்-அப் கலைஞர் வீர் தாஸின் நிகழ்ச்சியும் ஓர் அமைப்பின் எதிர்ப்பால் நின்றது. இரண்டு முறையும் மிரட்டியவர்கள் வெளியே இருந்தார்கள், கதவு மூடப்பட்டது கலைஞனுக்கு.

நம் ஊர்க் கதையும் இதுதான். எம்.ஆர்.ராதாவின் நாடகங்களைக் கண்டு அரசு பயந்த காலத்தில், 1954இல் சென்னை மாகாணத்தில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நாடகக்காரரும் எழுத்தாளருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள் ஒவ்வொரு நாடகக் குழுவும் தலைக்கு மேல் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டே ஒத்திகை பார்த்தது. அரசியல் சாசனத்தின் 19(2) பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தக் காரணங்களைச் சொல்கிறது: பொது ஒழுங்கு, கண்ணியம், அவதூறு, இன்னும் சில. ஒருவர் மனம் நோகலாம் என்கிற பயம் மட்டும் அதில் இல்லை. ஜோக்கைச் சொல்லுங்கள்.

ஸ்ரீராமபுரத்துக்காரர்

தம்பி, வணக்கம். எனக்கு 51 வயசு, இங்கேயே பொறந்தவன். 1991 டிசம்பர்ல காவிரி நடுவர் மன்ற இடைக்கால உத்தரவு அரசிதழ்ல வந்த நேரம், எங்க அப்பாவுக்கு டெய்லர் கடை. போர்டுல ஒரு வரி கன்னடம், ஒரு வரி தமிழ். கலவரம் நம்ம தெருவுக்கு வருதுன்னு கேள்விப்பட்டதும் அப்பா தார் டப்பாவை என் கையில கொடுத்தார். ஸ்டூல் மேல ஏறி அப்பா பேரைத் தமிழ்ல எழுதியிருந்த இடத்தை நான்தான் பூசி மறைச்சேன். தார் வழிஞ்சு கன்னட எழுத்துலயும் இறங்கிடுச்சு, அதைத் துணியால துடைச்சுத் துடைச்சு விரல் எரிஞ்சது. அப்புறம் அப்பா தமிழ் வரியைத் திரும்ப எழுதவே இல்ல.

அல்சூர் ஏரிக்கரையில திருவள்ளுவர் சிலை 18 வருஷம் சாக்குத் துணிக்குள்ள நின்னுச்சு. 2009 ஆகஸ்ட் 9லதான் திறந்தாங்க. நாலு நாள்ல சென்னை அயனாவரத்துல கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. ரெண்டு அரசாங்கமும் பேசிப் பேசி வந்த இடம் அது.

யாரோ சென்னை மேடையில பேசினா அதுக்கு இங்க பதில் சொல்றவன் ஆட்டோ ஓட்டுறவன், இட்லிக் கடை போட்டவன். நீங்க சொல்ற பெரிய பேருங்க எல்லாம் அடுத்த ஃப்ளைட்ல மும்பை போயிட்டாங்க. நாங்க எங்க போறது?

ஐந்தாம் ஆண்டு சட்டம்

ஐயா, உங்கள் அப்பா கடை போர்டைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முனவ்வர் விலை கொடுக்காமல் போகவில்லை. 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதாகி, உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 5 அன்று இடைக்கால ஜாமீன் தரும் வரை ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார்.

இன்னொன்று, 1991இல் உங்கள் கடைக்கு வந்த ஆபத்து யாரோ சொன்ன ஜோக்கால் வரவில்லை. நாம் வாயை மூடினால் அது வராது என்பதற்கு என்ன உத்தரவாதம்? படம் வராத விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அதே ஜூனில் சொன்னது, தணிக்கைச் சான்று பெற்ற படத்தைக் கும்பலின் மிரட்டலுக்காக நிறுத்திவைக்க முடியாது என்று.

ஸ்ரீராமபுரத்துக்காரர்

கோர்ட்டு சொன்னது சரிதாம்மா. கல்லு பறக்குற நேரத்துல அந்தக் காகிதம் என் ஷட்டருக்கு முன்னால வந்து நிக்காது.

நான் வாயை மூடச் சொல்லல. மேடைக்காரன் தம்பிகிட்ட ஒரே கேள்வி. அந்த ஜோக்கைக் கன்னடத்துல சொல்லுவீங்களா? நூறு தமிழங்க உக்காந்திருக்கிற ஹால்ல கதவைச் சாத்திக்கிட்டு சொன்னா அது வெளிய வேற மாதிரிதான் போகும். கன்னடக்காரர் முன்னால நின்னு அவர் பாஷையில சொல்லி அவரைச் சிரிக்க வச்சா, நானே முன்வரிசையில வந்து உக்காருவேன். டி.பி.கைலாசம் யாரு? வீட்டுல தமிழ். லண்டன்ல ஜியாலஜி படிச்சவர். கன்னட நாடகத்துல சிரிப்புன்னா இன்னிக்கும் அவர் பேர்தான் முதல்ல வரும். கன்னட நாடக நடிகர் மாஸ்டர் ஹிரண்ணய்யா மந்திரிகளோட லஞ்சத்தை மேடையில நாறடிச்சப்ப மந்திரிங்க எதிர்லயே உக்காந்திருந்தா கூட விட்டதில்லம்பாங்க. இந்த ஊருக்கு அரசியல் நக்கல் புதுசில்ல.

ஐந்தாம் ஆண்டு சட்டம்

இதை நான் ஏற்க மாட்டேன் ஐயா. இங்கே தமிழரைக் கிண்டல் செய்யும் கன்னடக் கலைஞரிடம் யாரும் தமிழ்ப் பரீட்சை வைப்பதில்லை. எண்ணிக்கையில் குறைந்தவர்கள் மட்டும் தேர்வெழுதிவிட்டுத்தான் சிரிக்க வேண்டுமா?

ஒயிட்ஃபீல்ட் ஹெச்.ஆர்.

ஐயா கேட்டதை நான் பரீட்சையா பார்க்கல. நான் தாள்ல எழுத முடியாம தவிக்கிறது இதைத்தான். "மொழி கூடாது"ன்னு எழுதறேன், ஆனா எனக்கு உண்மையில வேண்டியது, அறையில இருக்கிற யாரைப் பத்திப் பேசினாலும் அவங்களுக்குப் புரியற மாதிரி, அவங்க முகத்தைப் பார்த்துப் பேசணும்ங்கறது. அதை ஒரு வரியில எப்படி எழுதறதுன்னு தெரியல.

மேடைக்காரன்

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். மேடம், கான்பரன்ஸ்ல வர்றவங்க எழுந்து போக முடியாதுங்கறதை நான் யோசிச்சதே இல்ல. அந்தப் பொண்ணு விஷயத்துல உங்க பக்கம்தான் நான். ஆனா ஆள்குறைப்பு வரி இருக்கிற மேடையில இனிமே ஏற மாட்டேன். அந்த அம்மா முகம் போகவே மாட்டேங்குது.

தங்கச்சி, நீ சொல்ற நியாயம் நியாயம்தான். ஆனா ஐயா கேட்ட கேள்விக்கு என்கிட்ட இருக்கிற நேர்மையான பதில், சொல்ல முடியாதுங்கறதுதான். எனக்குத் தெரிஞ்ச கன்னடம் ஆட்டோவுக்கும் காய்கறிக்கும்தான் போதும். முயற்சி பண்ணி எழுதினேன்: "எல்லாரூ வயஸ்ஸு கம்மி மாடி ஹேள்தாரெ. பாஷெயவரு மாத்ர ஜாஸ்தி மாடி ஹேள்தாரெ." வியாழக்கிழமை இந்திராநகர்ல ஒரு கன்னட ஓப்பன் மைக் இருக்கு, பேர் கொடுத்துட்டேன். தப்பு இருந்தா திருத்துங்க ஐயா.

ஸ்ரீராமபுரத்துக்காரர்

இலக்கணம் பரவாயில்ல. "பாஷெயவரு" யாரும் அப்படிச் சொல்றதில்ல, "பாஷெ விஷயதல்லி"ன்னு போடுங்க. அப்புறம் கடைசி வார்த்தை. "ஹேள்தாரெ"ன்னா அவங்க சொல்றாங்கன்னு ஆயிடும், ஹால்ல இருக்கிறவன் யாரைச் சொல்றான்னு முதுகை நிமித்துவான். "ஹேள்தீவி"ன்னு மாத்துங்க, நாவு ஹேள்தீவி, அதாவது சொல்றோம். தமிழ்ல நாம, நாங்கன்னு ரெண்டு இருக்கு, எதிர்ல இருக்கிறவனைச் சேர்த்தும் சொல்லலாம், விட்டும் சொல்லலாம். கன்னடத்துல நாவு ஒண்ணுதான்.

வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?