பக்கத்து வீட்டு அம்மாளை நினைவிருக்கிறதா? ‘மேட்ச் பாயின்ட்’ பார்த்தவர்கள் சொல்லுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை முடிவு வரை இதில் வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

2006-ல் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறை. நான்கு பேர், ஒரு பழைய கம்ப்யூட்டர், ஜன்னலுக்குப் போர்வை. அப்படித்தான் இந்தப் படத்தை முதல்முறை பார்த்தேன். இயக்குநர் வுடி ஆலன் அமெரிக்காவில் நடப்பதாக எழுதி, பணம் பிரிட்டனில் கிடைத்ததால் லண்டனுக்கு மாற்றிய கதை இது, 2005-ல் வந்தது. பார்க்கும்போது லண்டனை விட்டால் வேறெங்கும் இது நடந்திருக்காது என்றே தோன்றும். ஓபரா, கிராமத்தில் பெரிய பண்ணை வீடு, வேட்டைத் துப்பாக்கி, இவற்றுக்கு நடுவே நல்ல சட்டை போட்டு மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்ட ஓர் ஏழை அயர்லாந்துப் பையன்.

அவன் பெயர் கிறிஸ். டென்னிஸ் ஆட்டத்தை விட்டுவிட்டு ஒரு கிளப்பில் பயிற்சி கொடுக்க வருகிறான். மாணவன் டாம் பணக்காரன். டாமின் சகோதரி க்ளோயியைக் கல்யாணம் செய்துகொள்கிறான், மாமனார் கம்பெனியில் வேலை, தேம்ஸ் நதி தெரிகிற கண்ணாடி வீடு. கூடவே, டாமுக்கு நிச்சயமாகி அப்புறம் முறிந்துபோன நோலாவோடு ரகசிய உறவு. நோலா கர்ப்பமாகிறாள், மனைவியிடம் சொல் என்று விடாமல் கேட்கிறாள். மாமனார் வீட்டுத் துப்பாக்கியை டென்னிஸ் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறான்.

எல்லோரும் நோலாவின் கொலையைத்தான் பேசுவோம். அதற்குமுன் அவன் சுடுவது பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஈஸ்ட்பி அம்மாளை. நகையையும் மாத்திரைகளையும் எடுத்துக்கொள்கிறான். போதைக்காக யாரோ திருட வந்தான், லிஃப்டிலிருந்து வெளியே வந்த நோலா குறுக்கே மாட்டிக்கொண்டாள் என்று போலீஸ் நினைக்க வேண்டும். அந்தக் கணக்குக்காக ஓர் உயிர்.

பிறகு நகைகளைத் தேம்ஸில் எறிகிறான். ஒரு மோதிரம் மட்டும் கைப்பிடிக் கம்பியில் பட்டு மேலே எழும்பும். அந்த இடத்தில் நாங்கள் நால்வரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ‘ஆத்துல விழணும், ஆத்துல விழணும்’ என்று என் பக்கத்தில் இருந்தவன் வாய்விட்டே சொன்னான். விழவில்லை, நடைபாதையிலேயே கிடக்கிறது. கடைசியில் அதே மோதிரம் ஒரு போதைக்காரனின் பிணத்தில் கிடைத்து, கிறிஸ் தப்பித்துவிடுகிறான். அன்று ராத்திரி இரண்டு மணி வரை பேசினோம். மோதிரம், அதிர்ஷ்டம், கொலை நடக்கும்போது ஒலிக்கும் ஒதெல்லோ ஓபரா, நோலாவாக நடித்த ஸ்கார்லெட் ஜோஹான்சன். அந்த அம்மாளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

2022-ல் மறுபடி பார்த்தேன், அம்மாவோடு. அப்பா போன பிறகு அம்மா ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறார், வயது 71. ஆங்கிலம் தெரியாது, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். படம் முடிந்ததும் ஒரே கேள்வி: “அந்தம்மா என்னடா பாவம் பண்ணுச்சு?”

படத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. ராத்திரி சமையலறையில் இறந்த இருவரும் வந்து நிற்பார்கள். என் கதி என்ன, இதில் எனக்கென்ன சம்பந்தம் என்று அந்த அம்மாள் கேட்பார். பெரிய காரியத்துக்கு வழிவிட நிரபராதிகளும் சில நேரம் சாக வேண்டியிருக்கிறது என்கிற மாதிரி பதில் சொல்வான். 2006-லும் இது என் காதில் விழுந்ததுதான். ஆனால் சுடும்போது கேமரா அவன் முகத்தைவிட்டு நகராது, விழுகிறவரைக் காட்டாது. நானும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

உங்களுக்கு இந்தப் படம் எங்கே பிடித்தது? எதை அப்போது கவனிக்கவில்லை?

*

லண்டனிலிருந்து:

நான் இங்க வயசுபோன ஆக்களின்ர வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிற கெயர் வேலை செய்யிறன், பதினொரு வருசம். இந்தப் படத்தை மகன்தான் போட்டுக் காட்டினவன். அவனுக்கு டென்னிஸ் விருப்பம், அதுக்காகப் போட்டது.

நோலா இருக்கிற மாதிரிக் கட்டடங்களுக்குள்ளதான் நான் ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கிறது. ஒடுங்கின படி, ஒரு தளத்தில ரெண்டு மூண்டு கதவு. தனிய இருக்கிற ஆக்களின்ர வாசல் சுவரில ஒரு சின்னப் பெட்டி பூட்டியிருக்கும். நம்பரை அமத்தினா உள்ள வீட்டுத் திறப்பு (சாவி) இருக்கும். அந்த நம்பர் தெரிஞ்ச ஆக்கள் அஞ்சாறு பேர் இருப்பம். அவையள் ஒருநாளும் எங்களைச் சந்தேகமாப் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுப் பெடியனைப் பற்றி, மேல் வீட்டில புதுசா வந்த பிள்ளையைப் பற்றி எல்லாம் எனக்குச் சொல்லுவினம். நாள் முழுக்க அவையளுக்கு அந்தப் படிச்சத்தம்தான் துணை.

அவன் நடுங்கி நடுங்கித் துவக்கைப் பூட்டேக்க நான் எழும்பிக் குசினிக்குள்ள போயிட்டன். மகன் பிறகு மிச்சத்தைச் சொன்னவன். அடுத்தநாள் விடிய ஏழரைக்கு வழமையாப் போற வீட்டு வாசலில நிண்டு நம்பரை அமத்தினன். திறக்க முதல், “நான்தான், நான்தான்” எண்டு ரெண்டுதரம் பலமாச் சொன்னன். அந்த மனிசி உள்ளயிருந்து, “தெரியும், உன்ர காலடிச் சத்தம் எனக்குத் தெரியும்” எண்டு சிரிச்சா.

*

மதுரையிலிருந்து:

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். இந்தப் படத்தைத் தேடிப் பார்த்ததற்குக் காரணம் எம்.ஏ. சுசீலா மொழிபெயர்த்த தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவல். படத்தில் கிறிஸ் அந்த நாவலைக் கையில் வைத்துப் படிக்கிறான் என்று கேள்விப்பட்டேன்.

நாவலிலும் இப்படி ஒருத்தி உண்டு. கதாநாயகன் ரஸ்கோல்னிகோவ் கொல்லத் திட்டமிட்டது அடகு பிடிக்கும் கிழவியை. எதிர்பாராமல் உள்ளே வந்துவிட்ட அவளுடைய தங்கை லிசாவெதாவையும் கோடரியால் வெட்டிவிடுகிறான். பின்னால் ஓரிடத்தில் அவனுக்கே உறைக்கும்: இவளைப் பற்றி நான் நினைப்பதே இல்லையே, இவளை நான் கொல்லவே இல்லை என்பதுபோல அல்லவா இருக்கிறேன் என்று. வகுப்பு முடிந்த பிறகும் அந்த இடத்தைப் பற்றிப் பேச என் மாணவர்கள் நின்றதுண்டு.

என்னைத் தொந்தரவு செய்தது அந்த மோதிரம். நான் கோவலன் வெட்டுண்ட ஊர்க்காரன். இங்கே ஓர் அணிகலன் உண்மையைச் சொல்லும். பாண்டிமாதேவியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் பழியைக் கோவலன்மேல் போட்டான். கிறிஸ் அந்தப் பொற்கொல்லன்தான். ஆனால் கண்ணகி சிலம்பை உடைத்தபோது மாணிக்கப் பரல் தெறித்தது, அரசன் விழுந்தான். லண்டனில் அந்த அம்மாளுடைய மோதிரம் தெறிக்கிறது, கொன்றவனையே காப்பாற்றுகிறது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இரண்டு நாள் கோபமாக இருந்தேன்.

அப்புறம் சிலப்பதிகாரத்தில் வஞ்சின மாலைப் பகுதியை எடுத்துப் படித்தேன். மதுரையை எரிக்கும்போதும் கண்ணகி யார் யாரை விட்டுவிடச் சொல்கிறாள் என்று ஒரு பட்டியல் வரும். அதில் மூத்தோரும் குழவியும் உண்டு. அவ்வளவு சினத்திலும் அவளுக்கு அந்த நினைவு இருந்தது. இவன் கொன்றது ஒரு மூதாட்டியை, ஒரு பெண்ணை, அவள் வயிற்றில் இருந்த தன் குழந்தையை.

*

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து:

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

நான் வீட்டோட மாப்பிள்ளையாகப் போனவன். மாமனாருக்கு மில். எனக்கு ஒரு அறை, ஒரு கார், அதற்கு ஒரு டிரைவர் அண்ணன். எங்கப்பா சைக்கிளில் துணி விற்றவர். முதல்முறை அந்தக் காரில் எங்கள் தெருவுக்குள் போனபோது அவர் வெளியே வந்து கதவைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் காரை விட்டுவிட என்னால் முடியவே முடியாது என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவாகிவிட்டது.

ஒன்றரை வருஷம் ஒரு பெண்ணோடு பழக்கம் இருந்தது. அவளைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன், அது அவளுடைய வாழ்க்கை.

படம் பார்த்தது 2013-ல், வெளியூரில் ஒரு லாட்ஜ் அறையில், லேப்டாப்பில். கிரீஸுக்குப் போகிறேன் என்று நோலாவிடம் சொல்லிவிட்டு லண்டனிலேயே இருந்து கிறிஸ் மாட்டிக்கொள்வான் இல்லையா? நானும் சிங்கப்பூர் போயிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மனைவியோடு நகைக்கடை வாசலில் நின்று அவளிடம் மாட்டினேன். நோலா மாதிரி அவள் கத்தவில்லை. என் கையிலிருந்த பையைப் பார்த்தாள், ரோட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

துப்பாக்கியை எடுக்கிற காட்சியில் நான் அந்த ஆளில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சாப்பாட்டு மேசையில் எல்லோர் நடுவிலும் முகம் மாறாமல் உட்கார்ந்திருக்கிறானே, அங்கே தப்பிக்க முடியவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து வீட்டில் சொன்னேன். இப்போது நாங்கள் பிரிந்துவிட்டோம்.

நீங்கள் அந்த அம்மாளைக் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். என் கதையிலும் ஒருவர் உண்டு. டிரைவர் அண்ணன். “சார் மில்லுலதான் இருந்தாரு” என்று எனக்காக ஒன்றரை வருஷம் பொய் சொன்னவர். நான் கேட்டுக்கொண்டதால் சொன்னார், வேறு வழியில்லை அவருக்கு. விஷயம் வெளியே வந்த அன்று சாயங்காலமே அவரை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். பத்தொன்பது வருஷ வேலை. மனைவியிடம் அழுதேன், மாமனார் காலில் விழுந்தேன், அந்தப் பெண்ணுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அவர் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு ஸ்கூல் வேனை அவர் ஓட்டிக்கொண்டு போவதை சிக்னலில் பார்த்தபோதுதான் தோன்றியது.

வீடு விசாரித்துப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், பழைய பழக்கம். “உட்காருங்கண்ணா” என்றேன். டீ கொடுத்தார்கள். என்ன சொல்ல வந்தேனோ அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிளம்பும்போது வாசல் வரை வந்தவர், “சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க தம்பி?” என்று கேட்டார். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறை சார் போடாமல்.

*

இழையைத் தொடங்கியவன்:

பொள்ளாச்சி நண்பருக்கு, எழுதியதற்கு நன்றி. அந்த அண்ணனை மறுபடி போய்ப் பார்த்தீர்களா?

எல்லோர் பதிவையும் நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். லண்டன் அக்கா எழுதிய காலடிச் சத்தத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு, “அந்தம்மா கதவத் திறக்கற இடத்த மட்டும் போடு” என்றார். போட்டேன். நோலாவுக்குத் தெரிந்தவன் என்று அவன் சொல்லி உள்ளே போகும் வரை பார்த்துவிட்டு, கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“பக்கத்து வீட்டுப் பொண்ணு பேரச் சொன்னா நானும் திறந்திருப்பேன்.”