எஃப்2பி மனு நிலுவையில் இருக்கும்போது கல்யாணம் பண்ணலாமா?

அரூர்96 கேட்டது:

அமெரிக்கக் குடிமகளான அத்தை 2005 செப்டம்பரில் அப்பாவுக்காக எஃப்4 மனு (குடிமக்கள் உடன்பிறந்தவர்களுக்குப் போடும் குடியேற்ற மனு) போட்டார். 2009 நவம்பரில் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். 2022 மார்ச்சில்தான் எங்கள் வரிசை வந்து விசா எண் திறந்தது. 2023-ல் அப்பா, அம்மா, தம்பி மூவரும் கிரீன் கார்டோடு போய்விட்டார்கள். நான் பிறந்தது 1996 பிப்ரவரி. 21 வயது தாண்டிவிட்டது என்று என்னை விட்டுவிட்டார்கள். தம்பி 2000 ஜனவரி. அவனுக்கும் அப்போது 22 முடிந்திருந்தது, ஆனால் அவனுக்கு விசா கிடைத்தது. இது எப்படி?

2023 டிசம்பரில் அப்பா கிரீன் கார்டுக்காரராக எனக்கு எஃப்2பி மனு (மணமாகாத பிள்ளைக்கானது) போட்டிருக்கிறார். வரிசையில் இடம் தரும் அந்த 2005 தேதியை இதற்குக் கேட்டு வாங்க முடியுமா? இரண்டாவது, வரன் பார்க்கிறார்கள். தை மாதம் முடித்துவிடலாம் என்று பாட்டி பிடிவாதம். கல்யாணம் ஆனால் மனு என்ன ஆகும்? பிறப்புச் சான்றிதழிலும் என் பெயர் இல்லை, "பெண் குழந்தை" என்றுதான் இருக்கிறது.

பர்கூர்க் கோப்பு:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். 2002-ல் வந்த குழந்தைகள் பாதுகாப்புச் சட்டப்படி, விசா எண் திறந்த நாளில் உள்ள வயதிலிருந்து மனு பரிசீலனையில் கிடந்த காலத்தைக் கழிக்க வேண்டும். வரிசையில் காத்திருந்த பதினேழு வருஷத்தைக் கழிப்பதில்லை. போட்ட நாளிலிருந்து ஏற்ற நாள் வரை மட்டும்தான் கழியும். உங்கள் வீட்டு மனுவுக்கு அது 4 வருஷம் 2 மாதம்.

தம்பிக்கு 22 வருஷம் 2 மாதம், கழித்தால் 18. உங்களுக்கு 26 வருஷம் 1 மாதம், கழித்தால் 21 வருஷம் 11 மாதம். பதினொரு மாதத்தில் போயிருக்கிறது. மனுவை ஏற்க இன்னும் ஒரு வருஷம் இழுத்தடித்திருந்தால் நீங்களும் போயிருப்பீர்கள். தாமதம் நன்மை செய்யும் ஒரே இடம் இதுதான்.

இதே நிலையில் இருக்கும் மற்றவர்கள் கவனிக்க: கழித்து 21-க்குக் கீழே வந்தால் மட்டும் போதாது. எண் திறந்த ஒரு வருஷத்துக்குள் கட்டணம் கட்டுவது, டி.எஸ்-260 (குடியேற்ற விசா விண்ணப்பம்) அனுப்புவது போல விசாவைக் கோரியதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். "பெரியவனுக்கு 21 தாண்டியாச்சு" என்று கணக்கே போடாமல் பெயரை எடுத்துவிடும் குடும்பங்கள் நிறைய.

2005 தேதி கிடைக்காது. அதைக் கேட்டுப் போன வழக்கில் 2014-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடியாது என்று தீர்த்துவிட்டது. எஃப்3 (குடிமக்களின் மணமான பிள்ளைகளுக்கானது), எஃப்4 மனுவில் பெற்றோரோடு ஒட்டி வந்து வயது தாண்டிய பிள்ளைகளுக்குப் பழைய தேதி சேராது. உங்கள் தேதி 2023 டிசம்பர்தான். வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்டை வாசலோடு அனுப்புங்கள்.

ஒசூர்_ரிங்ரோடு:

ரொம்ப சிம்பிள்ங்க. தீர்த்தமலையில தாலி கட்டிக்கோங்க, ரிஜிஸ்டர் மட்டும் பண்ணாதீங்க. பேப்பர்ல நீங்க சிங்கிள்தான். அங்க போய் இறங்கினதும் பதிவு பண்ணிக்கலாம்.

காவேரிப்பட்டணம்_எழுத்தர்:

மேலே உள்ள யோசனையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

கல்யாணம் செல்லுபடியாகிறதா என்பதை அது நடந்த ஊரின் சட்டம்தான் தீர்மானிக்கும். இந்து திருமணச் சட்டப்படி சடங்கோடு நடந்தாலே அது கல்யாணம். தமிழ்நாட்டில் 1967 திருத்தத்துக்குப் பிறகு உறவினர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலே போதும். 2009 சட்டம் 90 நாளுக்குள் பதிவு செய்யச் சொல்கிறது, ஆனால் பதிவு என்பது நடந்ததற்குச் சான்றுதான். தூதரக நேர்காணலில் சத்தியம் வாங்கிக்கொண்டு "கல்யாணம் ஆகிவிட்டதா" என்று நேராகக் கேட்பார்கள். பொய் சொல்லி மாட்டினால் இந்த விசா மட்டும் போகாது, வாழ்நாள் தடை விழும். பத்திரிகை, ஃபேஸ்புக் படம், பின்னாளில் கணவருக்குப் போடும் மனுவில் உள்ள கல்யாணத் தேதி என்று மாட்டுவதற்கு வழி ஏராளம். நிச்சயதார்த்தம் மட்டும் கல்யாணம் ஆகாது, அது பரவாயில்லை.

இனி அரூர்96-க்கு. எஃப்2பி என்பது கிரீன் கார்டுக்காரரின், 21 முடிந்த, மணமாகாத பிள்ளைக்கு. கிரீன் கார்டுக்காரரின் மணமான பிள்ளைக்கு என்று ஒரு பிரிவே கிடையாது. அதனால் தாலி ஏறிய அன்றே மனு தானாக ரத்து. பிறகு விவாகரத்து ஆனாலும் அது உயிர்த்து வராது.

அப்பா குடியுரிமை வாங்கிய பிறகு கதை வேறு. அப்போது மனு எஃப்1 (குடிமகனின் மணமாகாத பிள்ளைக்கானது) ஆகும். அதன்பின் கல்யாணம் செய்தால் எஃப்3-க்கு மாறும், 2023 டிசம்பர் தேதி அப்படியே நிற்கும், கணவரும் குழந்தைகளும் சேர்ந்தே போகலாம். கிரீன் கார்டு கிடைத்து ஐந்து வருஷத்தில் குடியுரிமை. விண்ணப்பத்தை 90 நாள் முன்னாலேயே போடலாம். 2023-ல் போனவருக்கு 2028.

2025 கடைசி நிலவரப்படி விசா புல்லட்டினில் (எந்தத் தேதி மனு வரை முறை வந்திருக்கிறது என்று மாதந்தோறும் வரும் பட்டியல்) எஃப்1, எஃப்2பி இரண்டும் 2016 இறுதியில் நின்றன, எஃப்3 2011 செப்டம்பரில். இந்த மூன்றிலும் இந்தியாவுக்குத் தனி வரிசை இல்லை, எஃப்4-க்குத்தான் உண்டு. அதாவது மணமாகாமல் இருந்தால் ஏறக்குறைய ஒன்பது வருஷப் பின்தங்கல், மணமானால் பதினான்கு. தேதி சீராக நகராது என்பதால் இதை வைத்து வருஷம் குறித்துவிட வேண்டாம்.

ஆக, இந்தத் தையில் கல்யாணம் என்றால் மனு போச்சு. அப்பா குடிமகனானதும் எஃப்3-ஐப் புதுத் தேதியில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். 2028 வரை பொறுத்தால் ஐந்து வருஷம் மிச்சம். முழுக்க மணமாகாமல் காத்திருந்து போய், அங்கே இறங்கிய பின் கல்யாணம் செய்து கணவருக்கு எஃப்2ஏ (கிரீன் கார்டுக்காரரின் கணவன் அல்லது மனைவிக்கான மனு) போட்டால் அவருக்கு அதே 2025 கடைசி நிலவரப்படி சுமார் இரண்டு வருஷம். கணக்குப்படி கடைசி வழிதான் வேகம். ஆனால் 29 வயதுப் பெண்ணிடம் இன்னும் ஆறேழு வருஷம் இரு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல வரன் என்றால் 2028 வழியை இரு வீட்டாரிடமும் வெளிப்படையாகப் பேசிப் பாருங்கள்.

இன்னொன்று: விசா முத்திரை விழுந்ததும் அவசரக் கல்யாணம் முடித்து விமானம் ஏறுகிறவர்கள் உண்டு. விசா கையில் இருந்தாலும், அமெரிக்காவில் நுழையும் நாளிலும் நீங்கள் மணமாகாதவராக இருக்க வேண்டும்.

பென்னாகரம்_ஆவணம்:

பிறப்புச் சான்றிதழை இப்போதே சரி செய்யுங்க, என்.வி.சி. (அமெரிக்காவின் தேசிய விசா மையம்) கடிதம் வர்ற வரைக்கும் வைக்காதீங்க. கிராமத்துப் பிறப்புன்னா வி.ஏ.ஓ.கிட்ட ஆரம்பிங்க. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் ரெண்டும் வச்சுப் பெயர் சேர்க்க மனு கொடுங்க. பெயர் சேராட்டியும் பரவாயில்ல, அந்தச் சான்றிதழோட பள்ளிச் சான்றும், உங்க பிறப்பை நேரில் அறிந்த பெரியவங்க ரெண்டு பேரோட உறுதிமொழிப் பத்திரமும் வைக்கணும். பதிவே இல்லாதவங்க "பதிவு கிடைக்கவில்லை"ன்னு சான்று வாங்கணும். புதுசாப் பதிவு செய்யணும்னா, ஓராண்டு தாண்டினதுக்குக் கோட்டாட்சியர் உத்தரவு வேணும். நேத்துப் போட்ட பதிவை மட்டும் காட்டினா தூதரகம் நம்பாது, பழைய பள்ளிச் சான்றும் சேர்த்துக் கொடுங்க.

ஊர்ப் பெயர்ல ஒரு குழப்பம் வரும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில. அதுக்கு முன்னால அங்க பிறந்தவங்க சான்றிதழ்ல தருமபுரி மாவட்டம்னுதான் இருக்கும். 1965 அக்டோபருக்கு முன்னால பிறந்த அப்பாக்களுக்குச் சேலம் மாவட்டம். அது தப்பில்ல, திருத்தப் போகாதீங்க. சான்றிதழ், பாஸ்போர்ட், டி.எஸ்-260 மூணும் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான்.

இனிஷியலை பாஸ்போர்ட்ல விரிச்சு எழுதி, குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பிடுங்க. அந்தக் கட்டம் காலியா இருந்தா அமெரிக்க ஆவணத்துல உங்க பெயர் இடம் மாறி வந்து, பின்னாடி எல்லா இடத்துலயும் தலைவலி. காவல் துறைச் சான்று மட்டும் இப்ப வாங்காதீங்க, ரெண்டு வருஷம்தான் செல்லும்.

அரூர்96:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவும் தனியாக ஒரு மனு போடலாமா? நடுவில் சுற்றுலா விசாவில் போய் அவர்களைப் பார்த்து வரலாமா?

காவேரிப்பட்டணம்_எழுத்தர்:

போடலாம், போடுவதே நல்லது. மனுதாரர் இறந்தால் மனு ரத்தாகிவிடும். மனிதாபிமான அடிப்படையில் மீட்கக் கேட்கலாம், ஆனால் அது அதிகாரியின் விருப்பம். அம்மா மனுவுக்குத் தேதி புதிதாகத்தான் இருக்கும், காப்பீடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். மனுப் படிவமான ஐ-130-க்குக் கட்டணம் இணையத்தில் 625 டாலர், தாளில் 675. பிள்ளைக்குத் தாய் மனு போட்டால் பிறப்புச் சான்று போதும். தந்தை போட்டால் பெற்றோரின் திருமணச் சான்றும் வேண்டும்.

அப்பா மரவள்ளிக் காட்டைப் பார்க்க ஊருக்கு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர் என்றால் ஆறு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். ஐந்து வருஷக் குடியுரிமைக் கணக்கு அங்கேதான் உடையும். ஒரு வருஷம் தாண்டினால் கிரீன் கார்டே கேள்விக்குள்ளாகும், அதோடு உங்கள் மனுவும். கட்டாயம் தங்க வேண்டுமானால் கிளம்பும் முன் அங்கேயே மறுநுழைவு அனுமதிக்கு ஐ-131 போட வேண்டும்.

கடைசிக் கட்டத்தில் ஐ-864 என்ற, மனுதாரரின் ஆதரவு உறுதிமொழிப் படிவம் வரும். வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீத வருமானம் காட்ட வேண்டும். அப்பா, அம்மா, நீங்கள் என மூவருக்கு 2025 கணக்கில் 33,312 டாலர். தம்பியை வரிக்கணக்கில் சேர்த்தால் நால்வர், 40,187. குறைந்தால் அத்தை கூட்டு ஜாமீன் கையெழுத்துப் போடலாம்.

சுற்றுலா விசா கேட்கலாம், ஆனால் அதன் விண்ணப்பமான டி.எஸ்-160-இல் "உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா" என்ற கேள்விக்கு ஆம் என்றே எழுத வேண்டும். மணமாகாதவர், குடும்பம் முழுக்க அங்கே, மனுவும் நிலுவையில் என்றால் பெரும்பாலும் மறுப்புதான். மாணவர் விசாவுக்கும் இதே சிக்கல். எச்-1பி, எல்-1 போன்ற வேலை விசாக்களுக்குக் குடியேறும் எண்ணம் தடையில்லை.