தோட்டத்துப் பூனையை மணல் தட்டுக்குப் பழக்குவது: அறையில் அடைப்பதா, மெல்ல உள்ளே அழைப்பதா?

வேப்பநிழல்:
எங்கள் கடுவனுக்கு ஆறு வயதாகிறது; கருத்தடை செய்யப்பட்டவன். குட்டியாக வந்த நாள் முதல் அவனுடைய காலைக்கடன் எல்லாம் கொல்லை மண்ணில்தான். இன்னும் ஐந்து வாரங்களில், மண் என்பதே இல்லாத ஒரு மாடிக் குடியிருப்புக்கு நாங்கள் மாறுகிறோம். மூடியும் சிறு கதவும் கொண்ட ஒரு பெட்டியை வாங்கி, வாசனை சேர்த்த பூனை மணலை நிரப்பி வைத்துப் பத்து நாட்கள் ஆகின்றன. முன்னங்கால்களை மட்டும் உள்ளே வைக்கிறான். மணலைத் தொடாமல் பெட்டியின் பிளாஸ்டிக் சுவரைப் பிறாண்டுகிறான். பிறகு பாதத்தை உதறிக்கொண்டு வெளியே வந்து, கதவருகே உட்கார்ந்து கத்துகிறான். கதவைத் திறந்துவிட்டால் நேரே கொல்லைதான். சிறிய அறை ஒன்றில் அடைத்து வைத்தால் தானாகப் பழகிவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. கருவுற்றிருக்கும் என் மகளும் இப்போது எங்களுடன் இருக்கிறாள் என்பதையும் கருத்தில் கொண்டு வழி சொல்லுங்கள்.

நிலைக்கதவு:
உங்கள் உறவினர் சொல்வதே சரி. கத்தினால் கதவு திறக்கும் என்று பத்து நாட்களாக நீங்கள்தான் அவனுக்குப் பழக்கியிருக்கிறீர்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்பது, பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்க்கும் கதைதான். வெளியில் வளர்ந்த மூன்று பூனைகளை நான் இப்படித்தான் பழக்கினேன்: ஒரு சிறிய அறை, ஒரு மூலையில் உணவும் படுக்கையும், எதிர் மூலையில் தட்டு. தோண்டிக் கழித்து மூடும் குணம் பூனைக்குப் பிறவியிலேயே உண்டு என்பதால், அறையில் தோண்டத்தக்க பொருள் அது ஒன்றாக மட்டும் இருந்தால் போதும், நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது எதுவும் மிச்சமிருக்காது. அதிகம் போனால் இரண்டு வாரங்கள் ஆகும்.

சாம்பல்வால்:
நான் இதை மறுக்கிறேன். வேப்பநிழல் எழுதியிருப்பதை மறுபடியும் படித்துப் பாருங்கள். சுவரைப் பிறாண்டுவதும் பாதத்தை உதறுவதும், அந்த மணலும் அந்தப் பெட்டியும் தனக்குப் பிடிக்கவில்லை என்று பூனை தெளிவாகச் சொல்லும் புகார். அந்தப் புகாரைக் கேட்காமல் அதே பெட்டியோடு அவனை அறையில் அடைத்தால், படுக்கையையோ கால்மிதியையோ தேர்ந்தெடுப்பான். துணியில் கழிக்க ஒருமுறை பழகிய பூனையைத் திருப்புவது மண்ணில் பழகிய பூனையைத் திருப்புவதைவிடக் கடினம்.

முதலில் மூடியைக் கழற்றுங்கள். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள தட்டாகப் பாருங்கள். கடையில் விற்கும் பெரும்பாலான பெட்டிகள் வளர்ந்த கடுவனுக்குப் போதாது. வாசனை மணல் நம் மூக்குக்காகச் செய்யப்பட்டது, அதைத் தூக்கி எறியுங்கள். தட்டில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அவன் வழக்கமாகத் தோண்டும் இடத்து மண்ணையே நிரப்பி, அந்த இடத்திலேயே வையுங்கள். பயன்படுத்தத் தொடங்கியதும் நாளுக்குச் சில அடிகளாகக் கதவை நோக்கி நகர்த்தி, வாசலைத் தாண்டி உள்ளே கொண்டுவந்த பிறகு, கைப்பிடி கைப்பிடியாக வாசனையற்ற நுண்மணலைக் கலந்துகொண்டே வாருங்கள். களிமண்ணால் ஆன பூனை மணலை அமெரிக்காவில் எட் லோ என்பவர் 1947இல் விற்கத் தொடங்கும் வரை, வீட்டுப் பூனைகள் சாம்பலிலும் மண்ணிலும்தான் கழித்துவந்தன. தட்டில் மண் போடுவது ஒன்றும் விசித்திரமான யோசனை அல்ல.

நிலைக்கதவு:
மூடியையும் வாசனையையும் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அடிப்படைக் கேள்விக்கு நீங்கள் விடை சொல்லவில்லை. கொல்லை முழுவதும் அதே மண் கிடக்கும்போது, அதில் ஒரு தட்டு மண்ணை மட்டும் அவன் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? வெளியே வைத்த தட்டைத் தெருவில் திரியும் வேறு பூனைகளும் பயன்படுத்தும், அதன் பிறகு இவன் பக்கத்திலேயே போகமாட்டான். நாளுக்குச் சில அடிகள் என்ற கணக்கில் ஐந்து வாரங்களில் வாசற்படியைத் தொடுவதே பெரிய காரியம்.

சாம்பல்வால்:
பூனை இறுகிய மண்ணை விட்டுவிட்டுப் பொலபொலப்பான மண்ணைத்தான் நாடும். வழக்கமான இடத்தின் மீது கம்பிவலையையோ கூழாங்கற்களையோ பரப்பிவிட்டால் தேர்வு எளிதாகிவிடும். வேகம் உங்கள் முறையில் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. அதற்குக் கொடுக்கும் விலையைத்தான் கேட்கிறேன். பூனைகளின் சிறுநீர்ப்பை அழற்சிக்கும் மன அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். ஒரு கொல்லை முழுவதையும் ஆண்ட பூனையை ஒரே நாளில் ஓர் அறைக்குள் தள்ளினால், நீங்கள் தட்டுக்குப் பழக்கியது போக, சிறுநீர்ப்பை நோய் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ள நேரலாம்.

மருந்துச்சீட்டு:
விலங்கு மருத்துவமனை ஒன்றில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். இருவரும் வாதத்தின் வேகத்தில் வெவ்வேறு ஆபத்துகளைத் தாண்டிச் செல்கிறீர்கள்.

அடைத்து வைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிடிவாதத்தால் அடக்கிக்கொள்கிறான் என்று நாம் நினைக்கும் கடுவனுக்குச் சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கவும் கூடும். ஒரு முழு நாள் சிறுநீரே கழிக்காவிட்டால் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அடிக்கடி குந்தி, முக்கி, சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தால் ஒரு நாள் கூடக் காத்திருக்காதீர்கள். முழுமையாக அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாட்களுக்குள் உயிர் போய்விடும்.

கொல்லை மண்ணைச் சொன்னவருக்கு இன்னொன்று. வீட்டில் கருவுற்ற பெண் இருக்கிறார். பூனை மலத்தில் வெளியேறும், கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணியின் முட்டை போன்ற கூடுகள் தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும்; அதனால்தான் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்யச் சொல்கிறோம். ஆனால் அந்தக் காவல் புதிய மலத்துக்கு மட்டுமே பொருந்தும். ஊர்ப் பூனைகள் எல்லாம் மாதக்கணக்கில் கழித்த கொல்லை மண்ணில், ஏற்கெனவே முற்றிய கூடுகள் இருக்கலாம். ஈர மண்ணில் அவை ஓராண்டுக்கு மேலும் உயிர்த்திருக்கும். அந்த மண்ணை அள்ளி வீட்டுக்குள் வைத்துவிட்டுத் தினமும் கரண்டியால் சுத்தம் செய்வதில் என்ன பயன்? எந்த மண்ணாக இருந்தாலும் தட்டை மகள் தொடக்கூடாது. வேறொருவர் கையுறை அணிந்து செய்யட்டும்.

நிலைக்கதவு:
ஆக, கொல்லை மண் கதவுக்கு வெளியேயே நிற்கிறது. சாம்பல்வால் அவர்களின் திட்டத்தில் மிச்சம் என்ன இருக்கிறது?

சாம்பல்வால்:
மண்ணைப் பற்றி நான் எழுதியது தவறு, திருத்திக்கொள்கிறேன். உரம் கலக்காத தொட்டி மண்ணைப் பையில் வாங்கி நிரப்பலாம். பாதத்துக்குத் தெரிந்த பொருளிலிருந்து தெரியாத பொருளுக்குப் படிப்படியாகப் போக வேண்டும் என்ற என் அடிப்படை அப்படியேதான் நிற்கிறது.

வேப்பநிழல்:
பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். இருவர் சொன்னதிலும் பாதிப் பாதி எடுத்துக்கொண்டேன். துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டி, தொட்டி மண்ணை நிரப்பி, பின்கதவுக்கு உட்புறம் வைத்தேன். பகலில் கதவு திறந்திருக்கும். இரவு உணவுக்குப் பிறகு விடியும் வரை பூட்டிவிடுவேன். முதல் மூன்று இரவுகள் கத்தித் தீர்த்தான். நான்காம் நாள் விடியற்காலையில் மண் சரசரக்கும் ஒலி கேட்டு எட்டிப் பார்த்தேன். நான்கு கால்களும் மண்ணில் ஊன்றியிருக்க, காதுகளைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு எங்கோ பார்த்தபடி குந்தியிருந்தான். முடித்ததும் திரும்பி மோந்து பார்த்து, ஒரு கால் மாற்றி ஒரு காலாக வெகுநேரம் மண்ணை இழுத்து மூடினான். அன்று அவன் சுவரைத் தொடவே இல்லை.

ஆனால் ஒன்பதாம் நாள் பாதிக்குப் பாதி மணலைக் கலந்தபோது, குளியலறை வடிகால் ஓரத்தில் போய்க் கழித்துவிட்டான். மணலைக் கால் பங்காகக் குறைத்த பிறகு மீண்டும் தட்டுக்கு வருகிறான்.

நிலைக்கதவு:
இரவுப் பூட்டுதான் வேலை செய்திருக்கிறது. நான்கு இரவுகளில் நடந்தது, கதவு திறந்தே இருந்த பத்து நாட்களில் நடக்கவில்லை.

சாம்பல்வால்:
அந்தப் பத்து நாட்களும் தட்டில் இருந்தது வாசனை மணல். மணலின் அளவைக் கூட்டியதும் பூட்டிய வீட்டுக்குள்ளேயே வடிகாலைத் தேடிப் போனானே, அதற்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்? வேப்பநிழல் அவர்களே, நான்கைந்து நாட்களுக்கு ஒரு கைப்பிடிக்கு மேல் மணலைக் கூட்டாதீர்கள்.

மருந்துச்சீட்டு:
வடிகாலை அமோனியா கலந்த திரவத்தால் கழுவாதீர்கள். சிறுநீர் வாடையோடு அது ஒத்துப்போய் மறுபடியும் அங்கேயே அழைக்கும். நொதி கலந்த துப்புரவுத் திரவமே ஏற்றது. கொஞ்ச நாள் அங்கே சிறிது தண்ணீர் தேங்கி நிற்கும்படி விட்டால், பாதம் நனையும் இடத்தைப் பெரும்பாலும் தவிர்ப்பான்.

நிலைக்கதவு:
எல்லாம் சரி, பகல் கதவை எப்போது மூடப்போகிறீர்கள்? கையில் மூன்று வாரங்கள்தான் இருக்கின்றன.

வேப்பநிழல்:
வரும் திங்கட்கிழமை முதல் காலையில் மூடி, பிற்பகலில் மட்டும் திறக்கலாம் என்றிருக்கிறேன். குளியலறைக்கு வெளியே இரண்டாவது தட்டு ஒன்றையும் வைக்கிறேன். குடிபோகும் அன்று இரண்டையும் கழுவாமல், பாதி மண்ணோடு அப்படியே ஏற்றிச் செல்வதாக உத்தேசம். தூக்கப்போகிறவர் என் கணவர் என்பதால் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.