தாருகானாவில் கையால் செய்த நீர்மூழ்கி: வாங்கலாமா?

செம்பூர் ஃபிட்டர்:
பழைய வால்வு தேடி மும்பை ரே ரோட்டில் பழைய இரும்பு விற்கும் தாருகானாவுக்குப் போனேன். ஒரு காயலான் கடைக்குள் ஒருவர் மட்டும் உட்காரும் நீர்மூழ்கி கிடக்கிறது. யாரோ தன் கொட்டகையில் செய்தது. விட்டம் 90 செ.மீ., நீளம் இரண்டரை மீட்டர், 6 மி.மீ. தகடு, மேலே 60 செ.மீ. மூடி, முன்னால் அக்ரிலிக் கண்ணாடி, அடியில் நான்கு லாரி பேட்டரிகள். இரண்டு லட்சம் கேட்கிறார்கள். உள்ளே தண்ணீர் நிரப்பிச் சதுர செ.மீ.க்கு ஐந்து கிலோ அழுத்தம் கொடுத்தார்களாம், ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லையாம். ஆகவே 50 மீட்டர் ஆழம் போகும் என்கிறார் கடைக்காரர். முப்பது வருடம் பாய்லர் பார்த்தவன் நான், ஓய்வு பெற்றபின் கை சும்மா இருக்க மறுக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மாட்டுங்காவாசி:
எங்கே இறக்குவீர்கள்? மும்பைத் துறைமுகத் தண்ணீர் வெறும் சேறு. கையை நீட்டினால் விரல் தெரியாது. அனுமதியில்லாமல் இறக்கினால் மேலே வரும்போது கடலோரக் காவல்படை காத்திருக்கும்.

பழைய வெல்டர்:
அனுமதி பிறகு. முதலில் அந்த ஐந்து கிலோ கதையை மறந்துவிடுங்கள். பாய்லரில் அழுத்தம் உள்ளிருந்து தள்ளுகிறது, தகடு வட்டமாகவே நிற்கும். கடலில் வெளியிலிருந்து அமுக்கும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை ஊதிப் பாருங்கள், ஒன்றும் ஆகாது. உறிஞ்சுங்கள், உடனே ஒடுங்கிவிடும். கடைக்காரர் சொல்லும் சோதனை கசிவைக் காட்டும், நசுங்குவதைக் காட்டாது.

பத்து மீட்டருக்கு ஒரு கிலோ என்று வையுங்கள். 30 மீட்டரில் உங்கள் மூடியின் மேல் மட்டும் எட்டரை டன் உட்காரும். அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் கனத்தை அளந்து பாருங்கள், முக்கியமாகப் பேட்டரிக்கு அடியில். 6 மி.மீ. நாலரை ஆகியிருந்தால் கால் பங்கு பலம்தான் போயிற்று என்று நினைக்காதீர்கள். ஏறத்தாழ பாதி போயிருக்கும். குறுக்கே பல இடங்களில் விட்டத்தையும் எடுங்கள். ஆரத்தில் அரை சதவீதத்துக்கு மேல் வட்டம் கோணியிருந்தால் அந்த உடலை விட்டுவிடுங்கள். அக்ரிலிக்கில் மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். தெரியாவிட்டாலும் வயதைக் கேளுங்கள். மனிதர் இருக்கும் அழுத்த அறைகளுக்கான அமெரிக்க விதிகளில் அதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுதான் ஆயுள். ஆள் உட்காரும் அதே அறையில் பேட்டரியா? சார்ஜ் ஏற்றும்போது ஹைட்ரஜன் வரும். கடல்நீர் பட்டால் குளோரின் வரும்.

இன்னொன்று. அந்த அளவு உருளை 1,600 கிலோ கடல்நீரை ஒதுக்கும். அவ்வளவு எடை இல்லாமல் மூழ்காது. தகடு அரை டன்கூட வராது. மூழ்கடிக்க வைத்த மீதி எடை எங்கே?

செம்பூர் ஃபிட்டர்:
சனிக்கிழமை கருவி இரவல் வாங்கிப் போனேன். பேட்டரிக்கு அடியில் 4.3 மி.மீ. விட்டத்தில் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் 14 மி.மீ. வித்தியாசம், நான்கு முறை அளந்தேன், குறையவில்லை. கண்ணாடியில் டார்ச் அடித்தால் சிலந்தி வலை. மூழ்கடிக்க வைத்த ஈயக்கட்டிகளைப் பற்றிக் கடைக்காரரிடம் கேட்டேன். "அதைத்தான் முதலில் விற்றோம்" என்றார், கூசாமல்.

மூடியையும் அதன் கழுத்து வளையத்தையும் மட்டும் அறுத்துத் தரச் சொல்லி, இரும்பு விலைக்கே எடை போட்டு வாங்கி வந்துவிட்டேன். கடைசல் வேலை அவ்வளவு சுத்தம், செய்தவர் கைகாரர்தான். ஆட்டோக்காரர் இது என்ன பெரிய குக்கரா என்று கேட்டார். அண்ணே, புது உடலுக்கு, அது நசுங்காமல் தாங்கும் உள்வளையங்களை எவ்வளவு இடைவெளியில் வைப்பது?

பழைய வெல்டர்:
முதலில் வீட்டில் சொல்லுங்கள். பிறகு வரைபடத்தோடு வாருங்கள்.