தமிழில் பேசும் மனநல ஆலோசகர் தேவை – பெங்களூரு, அல்சூர் பக்கம்

வணக்கம். அண்ணனுக்கு 41 வயதுதான். அதற்குள் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும். சின்ன வயதில் அப்பா குடித்துவிட்டு வரும் சத்தம் கேட்டாலே என்னைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அவன் போய் முன்னால் நிற்பான். அடியெல்லாம் அவனுக்குத்தான். இன்றும் யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் அவனுக்கு வியர்த்துவிடுகிறது.

சிறுவயதுத் துன்பங்கள் கூடக்கூடப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது என்று 1998-ல் அமெரிக்காவில் 9,500 பேருக்கு மேல் கேட்டு நடத்திய ஆய்வு சொல்கிறது. எங்கள் டாக்டர் மாத்திரையை மட்டும் கூட்டுகிறார்.

நிம்ஹான்ஸ் (இங்குள்ள அரசு மனநல மருத்துவமனை) என்றாலே "நான் என்ன பைத்தியமா?" என்கிறான். கன்னடம் நன்றாகப் பேசுவான், ஆனால் அப்பாவைப் பற்றித் தமிழில்தான் வாய் திறப்பான். பொறுமையாகக் கேட்கும் ஆலோசகர் யாரையாவது தெரியுமா? மாலை 6 மணிக்கு மேல் பார்த்தால் நல்லது. அப்புறம், வீட்டில் இப்படி மறுத்தவரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.