உணர்கணு, முன்குரல்: இரண்டு சொற்களும் ஏன் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

மலையில் மழையையும் மண்ணையும் அளந்து அடிவாரத்துக்குச் சேதி சொல்லும் கருவிகளுக்குப் பெயர் தேடி ஒரு வாரமாகப் பேசுகிறோம். 'இணைக்கப்பட்ட உணரிகள் வழி முன்னெச்சரிக்கை அமைப்பு' என்று கோவை நண்பர் எழுதியிருந்தார். அதில் 'உணரி' (சென்சார்) சரி, அது ஊன்றிவிட்ட சொல், தொட வேண்டாம். மற்ற இரண்டையும் பற்றித்தான் எழுதுகிறேன். நான் சேலத்துக்காரன். ஏற்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் இருக்கும் இரண்டு தானியங்கி மழைமானிகளைச் சில வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன், ஆகவே இந்தச் சொற்கள் எனக்கு அன்றாடம் தேவைப்படுகிறவை.

முதலில் 'இணைக்கப்பட்ட உணரி'. கேட்டவுடன் கம்பி போட்டு இணைத்த ஏதோ ஒன்று என்றுதான் தோன்றுகிறது. மழைமானியைத் திறந்தால், புனலுக்கு அடியில் முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு சின்னக் கரண்டிகள் ஒரு அச்சில் மேலும் கீழுமாக ஆடும். ஒரு கரண்டியில் 0.2 மில்லிமீட்டர் மழைக்கு உண்டான தண்ணீர் சேர்ந்ததும் அது கவிழும், மற்றது மேலே வரும், கவிழ்கிறபோது ஒரு காந்தம் சுவிட்சைக் கடந்துபோக எண்ணிக்கை ஒன்று கூடும். 100 மி.மீ. பெய்தால் 500 தடவை கவிழ்ந்திருக்கும். உணரி என்பது இவ்வளவுதான். இந்த எண்ணிக்கையை வைத்துக்கொள்ளும் சிப், பேட்டரி, சோலார் தகடு, 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையான அலையில் உரிமம் வாங்காமலே பேசக்கூடிய, குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்குச் சேதி அனுப்பும் லோரா (LoRa) ரேடியோ எல்லாம் சேர்ந்த பெட்டிக்குத்தான் பெயர் இல்லை. மலை மடிப்புகளில் அலை நேராகப் போகாது, அதனால் எங்கள் பெட்டி ஒன்று இன்னொன்றின் சேதியையும் வாங்கி அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். இப்படி ஒன்று முடிந்து அடுத்தது தொடர்கிற இடத்துக்குக் கரும்பிலும் மூங்கிலிலும் கணு என்று பெயர், கணினித் தமிழிலும் வலையின் ஒரு முனைக்கு (node) அந்தச் சொல் ஏற்கெனவே புழங்குகிறது. ஆகவே 'உணர்கணு'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, நடுவில் 'க்' போட வேண்டாம். பல சேர்ந்தால் உணர்கணு வலை. மூணாறு மலைச்சரிவில் அமிர்தா பல்கலைக்கழகம் அமைத்த வலையில் மழையோடு மண்ணின் ஈரம், மண்ணுக்குள் நீரின் அழுத்தம், சரிவின் சாய்மானம் எல்லாவற்றையும் அளக்கிறார்கள், அதற்கும் இந்தப் பெயர் பொருந்துகிறது.

இதை விட எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டாவது சொல்.

'முன்னெச்சரிக்கை' என்ற சொல் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது. 'முன்னெச்சரிக்கை நடவடிக்கையாகப் பள்ளிகளுக்கு விடுமுறை', 'முன்னெச்சரிக்கையாகக் குடை எடுத்துக்கொண்டு போ'. இங்கெல்லாம் நாம் செய்துகொள்கிற ஏற்பாடுதான் முன்னெச்சரிக்கை, நமக்கு வருகிற சேதி அல்ல. 'முன்னெச்சரிக்கை வந்ததா?' என்று யாராவது கேட்டு நான் கேட்டதில்லை. 'முன்னறிவிப்பு' என்று ஒருவர் சொன்னார். அது வானிலைக்கும், 'முன்னறிவிப்பின்றி மின்தடை'க்கும் போய்விட்டது. அப்புறம் ஒன்று, வானிலை முன்னறிவிப்பு நாளைக்கு வரப்போகிற மழையைப் பற்றியது, உணர்கணு சொல்வதோ மேலே இந்த நிமிடம் நடந்துகொண்டிருப்பதை. வெறும் 'எச்சரிக்கை'யும் உதவாது. வானிலைத் துறையின் மஞ்சள் என்றால் கவனி, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. தமிழில் மூன்றுக்கும் எச்சரிக்கை, எச்சரிக்கை, எச்சரிக்கை.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு ஏற்காட்டில் கொட்டிய மழை பலருக்கு நினைவிருக்கும். மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது, சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகருக்குள் வரும் திருமணிமுத்தாற்றில் வெள்ளம். முதல் நாள் பெய்த தண்ணீர் மண் துகள்களுக்கு நடுவே தேங்கி நிற்கும்போது மறுநாள் மழை ஏறினால், துகளுக்குத் துகள் இருக்கிற பிடி விட்டுப்போகிறது, கனமும் கூடுகிறது, சரிவு இறங்கிவிடுகிறது. இதைக் கீழே இருப்பவருக்கு இரவு 2 மணிக்கு ஒரே சொல்லில் சொல்லியாக வேண்டும்.

என் முன்மொழிவு 'முன்குரல்'. 'ஏதாவது ஒன்று என்றால் ஒரு குரல் கொடுங்கள்' என்று தினமும் சொல்கிறோமே, அதிலிருந்துதான் எடுத்தேன். தோட்டத்தில் மேல் வரிசையில் மிளகு பறிப்பவர், பாம்பையோ உருண்டு வரும் கல்லையோ பார்த்தால் கீழே இருப்பவர்களுக்குக் குரல் கொடுப்பார். முன்குரல் கொடு, முன்குரல் வந்தது, நிலச்சரிவு முன்குரல், வெள்ள முன்குரல் என்று வினையோடும் பெயரோடும் இயல்பாக ஒட்டுகிறது. முற்பகல் போல 'முற்குரல்' என்று புணர வேண்டாமா என்று கேட்பீர்கள். முன்கோபமும் முன்பணமும் அப்படியே நிற்கின்றனவே, வாயில் எளிதாக வருவதை வைத்துக்கொள்வோம்.

இதிலிருந்து இன்னும் இரண்டு சொற்கள் தானாகக் கிடைக்கின்றன. ஆபத்து இல்லாமலே வருவது 'பொய்க்குரல்'. அடுத்தது நான் பட்டு அறிந்தது. அந்த டிசம்பர் மழையில் எங்கள் மழைமானி ஒன்று இரவு முழுக்க பூஜ்யம் காட்டியது. மழை விட்டது என்று நம்பித் தூங்கிவிட்டேன். பிறகு போய்ப் பார்த்தால் புனல் வாயில் சில்வர் ஓக் இலை ஒட்டி அடைத்து, விளிம்பு வரை தண்ணீர் நிற்கிறது, கரண்டி காய்ந்து கிடக்கிறது. கணு சேதி அனுப்பிக்கொண்டுதான் இருந்தது, சொன்னது தவறு. மழை இல்லாமல் வருகிற பூஜ்யத்தையும் கருவி அடைத்துக்கொண்டு வருகிற பூஜ்யத்தையும் பிரித்துச் சொல்ல அப்போது எங்களிடம் ஒரு சொல் இல்லை, அதனால் கணுக்களின் சேதியைக் காட்டும் திரையில் அதற்கு ஒரு இடமும் இல்லை. இப்போது பக்கத்துக் கணு நனைந்திருக்க இது மட்டும் காய்ந்திருந்தால் 'குரல் கட்டிய கணு' என்று சிவப்பில் காட்டுகிறோம். அதைப் பார்த்தால் விளக்கம் கேட்காமல் ஆள் கிளம்பிப் போகிறார்.

புதுச்சொல் மக்களுக்குப் புரியாது என்று ஓர் அம்மா கவலைப்பட்டிருந்தார். ஒரு நாளில் 204.4 மி.மீ.க்கு மேல் பெய்தால் 'அதிகனமழை' என்பதும் ஒரு காலத்தில் புதுச்சொல்தான். இன்று டீக்கடையில் அதைச் சொல்லாதவர் இல்லை. நேற்று மிளகு பறிக்கும் பாட்டி ஒருவரிடம் 'முன்குரல் வந்தால் என்ன செய்வீர்கள் பாட்டி?' என்று கேட்டேன். அவர் சொல்லின் பொருளைக் கேட்கவில்லை. 'யார் கொடுப்பாங்க சாமி?' என்றார். அதனால் யார் கொடுத்த குரல் என்பதும் செய்தியிலேயே வர வேண்டும் என்று சேர்த்திருக்கிறேன். மாதிரி இது, திருத்திக் கொடுங்கள்:

'நிலச்சரிவு முன்குரல். தோட்டத்து மேல் கணு கொடுத்தது. இரண்டு நாளாக மண் ஊறியிருக்கிறது, மழை விடவில்லை. ஓடைக் கரையில் இருப்பவர்கள் இப்போதே பள்ளிக்கூடத்துக்கு ஏறுங்கள்.'