ஒரே தோல் ஜாக்கெட்டை இரண்டு பேர் போட்ட கதை

வெளிநாட்டவர் வருவதை எதிர்க்கும் வலதுசாரி அரசியலைப் பற்றி, பிரான்சில் லு பென்னின் கட்சி, ஜெர்மனியில் ஏ.எஃப்.டி. கட்சி என்று, அங்கெல்லாம் வாழும் நீங்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதியிருக்கிறீர்கள். நான் சுவிஸிலிருந்து எழுதுகிறேன். இங்கே இது நேற்று முளைத்த அரசியல் இல்லை. எஸ்.வி.பி. என்கிற சுவிஸ் மக்கள் கட்சிதான் 2003 இலிருந்து ஒவ்வொரு தேசியத் தேர்தலிலும் அதிக வாக்கு எடுக்கிறது, 2023 இல் 27.9 வீதம். அதற்கும் முந்திய கதை ஒன்று இருக்கிறது, அதை எனக்குச் சொன்னவர் ஓர் இத்தாலியர்.

நான் சுவிஸின் பேர்ண் நகருக்கு வந்தது 1985 மார்கழியில். வந்து இரண்டு கிழமையில் ஒரு தேவாலயத்தில் பழைய உடுப்புக் குவியலிலிருந்து கறுப்புத் தோல் ஜாக்கெட் ஒன்று தந்தார்கள். வலது பை கிழிந்திருந்தது, கை என் விரல் நுனிவரை வந்தது. அறையில் ஆறு பேர் இருந்தோம். இன்னொரு பொடியனும் நானும் அதை மாறி மாறிப் போட்டோம், பகல் வேலைக்கு நான், இரவு வேலைக்கு அவன். ஓய்வு நாளில் ரயில் நிலையத்தில் கூடி நிற்போம். அங்கே சூடு இருந்தது, ஊர்ச் செய்தியும் கிடைக்கும், போவதற்கு வேறு இடமும் இல்லை. கொஞ்ச நாளில் ‘தோல் ஜாக்கெட் தமிழர்’ என்று பேச்சு வந்துவிட்டது, அகதியாக வந்தவனுக்குத் தோல் ஜாக்கெட் வாங்கக் காசு ஏது, போதைப்பொருள் விற்கிறார்கள் போல, காசுக்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்று. ஒருநாள் டிராமில் வயதான மனுஷி ஒருவர் என் ஜாக்கெட்டின் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ சொன்னார். எனக்கு அப்போது டொச் (ஜெர்மன்) மொழி தெரியாது, ‘தமிலே’ என்ற சொல் மட்டும் பிடிபட்டது.

அந்த நாட்களில் ஓர் உணவகக் குசினியில் கோப்பை கழுவினேன். சமையல்காரர் சிசிலிக்காரர். ஜாக்கெட் கதையைச் சொன்னபோது அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். 1970 ஜூன் 7 இல் ஒரு வாக்கெடுப்பு. ஜேம்ஸ் ஸ்வார்சன்பாக் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்தது. எந்த மாநிலத்திலும் வெளிநாட்டவர் 10 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, ஜெனீவாவுக்கு மட்டும் 25 வீதம். அது வென்றிருந்தால் ஏறக்குறைய 3 இலட்சம் பேர் வெளியேற வேண்டி வந்திருக்கும், பெரும்பாலும் இத்தாலியர்கள். பெண்களுக்கு அப்போது தேசிய வாக்குரிமை இல்லை, ஆண்கள் மட்டும் போட்டார்கள், 54 வீதம் வேண்டாம் என்றார்கள். “சூட்கேஸ் கட்டி வைத்திருந்தோம், அவிழ்த்தோம். ஆனால் அடுத்த நாள் தெருவில் எதிரே வந்த ஒவ்வொருவரையும் பார்த்து, நீ என்ன எழுதினாய் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போனேன்” என்றார். வாக்கெடுப்பு நடக்கும் முன்பே, அந்த மார்ச்சிலேயே, அரசாங்கம் வருகிறவர்களின் தொகைக்கு வரம்பு போட்டுவிட்டது. தோற்ற பிறகும் அவர்கள் கேட்டதில் பாதி நடந்துவிடுகிறது என்பதை நான் முதலில் அறிந்தது அந்தக் குசினியில்தான்.

அவர் முதலில் வந்தது பருவகாலத் தொழிலாளி அனுமதியில், வருடத்தில் 9 மாதம். மனைவி பிள்ளையைக் கூட்டிவர முடியாது. கூட்டி வந்தார். மகனை அறைக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். பகலில் குழாயைத் திறக்கக்கூடாது, சப்பாத்துப் போட்டு நடக்கக்கூடாது, யாராவது கதவைத் தட்டினால் அலுமாரிக்குள் போய்விடவேண்டும். அப்படி வளர்ந்த பிள்ளைகள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். இதைச் சொல்லும்போது அந்தப் பெரிய மனிதர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், பிள்ளை இன்னும் அலுமாரிக்குள் இருக்கிற மாதிரி.

அப்புறம் 2007. வெள்ளை ஆடுகள் கறுப்பு ஆட்டைச் சுவிஸ் கொடிக்கு வெளியே உதைத்துத் தள்ளுகிற எஸ்.வி.பி. சுவரொட்டி. எங்கள் டிராம் தரிப்பிடத்திலும் இருந்தது. மகளுக்கு எட்டு வயது, அவள் கண்ணில் படக்கூடாதென்று கண்ணாடியில் முதுகைச் சாய்த்து அதை மறைத்துக்கொண்டு நிற்பேன். அவள் அதை எப்போதோ பார்த்துவிட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 2009 இல் மினாராக்களை, அதாவது பள்ளிவாசல் கோபுரங்களை, தடை செய்யும் வாக்கெடுப்பு, 57.5 வீதம் ஆம் என்றது. அப்போது நாடு முழுவதிலும் இருந்த மினாராக்கள் நான்கு. கோயிலில் கேட்டால், “அது அவையளுக்குத்தானே, எங்களுக்கு இல்லையே” என்று எங்கட ஆக்கள் சொன்னார்கள். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை. அது இன்னும் மனதை அறுக்கிறது.

சரி, சொல்ல வந்த விஷயம் இதுதான். பேர்ணில் 2014 இலிருந்து சமயங்களின் இல்லம் இருக்கிறது, ஒரே கட்டடத்தில் சிவன் கோயிலும் பள்ளிவாசலும். 2024 இல் ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து வாசலில் நின்றபோது, அந்த இரவு வேலைப் பொடியன், இப்போது அறுபது தாண்டிய சுவிஸ் பிரஜை, தான் எஸ்.வி.பி.க்குத்தான் போடுவதாகச் சொன்னான். “இப்ப வாறவங்கள் உண்மையான அகதியளே மச்சான், எல்லாம் காசுக்கு வாறாங்கள்.” அந்தக் கட்சி அப்போதுதான் புதிய வாக்கெடுப்பு ஒன்றுக்கான கையெழுத்துகளைக் கொடுத்திருந்தது. 1 இலட்சம் கையெழுத்து இருந்தால் இங்கே அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். அவர்கள் கேட்டது, 2050 க்கு முன் சனத்தொகை ஒரு கோடியைத் தாண்டக்கூடாது, 95 இலட்சத்தைத் தாண்டினாலே நடவடிக்கை எடுக்கவேண்டும், அதுவும் முதலில் தஞ்சத்திலும் குடும்ப இணைவிலும். அதற்கும் ஆம் என்று போடுவானாம். தன் மனைவியை 1991 இல் அவன் கூட்டி வந்தது குடும்ப இணைவில்தான், விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன்.

“அந்த ஜாக்கெட் ஞாபகம் இருக்கோ?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, “அது வேற” என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை, நெஞ்சு அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை சந்தித்தோம், பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம், இந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. உங்கள் பக்கத்திலும் எங்கட ஆக்கள் இப்படிச் சொல்கிறார்களா? சொன்னால் நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள்? யாராவது ஒருவரையாவது மனம் மாற வைத்திருந்தால், எப்படிப் பேசினீர்கள் என்று எழுதுங்கள். அவனை அடுத்த வெள்ளியும் கோயிலில் பார்ப்பேன்.